பத்து மணிப் படம்

காலை பத்து மணிக்குள் மாமாவின் படம் குடும்பக் குழுவுக்குப் போய்விட வேண்டும். தாண்டினால் வெளிநாட்டில் இருக்கும் அக்காவின் நாத்தனார் ஒரு கேள்விக்குறி அனுப்புவாள். வார்த்தை இருக்காது, வெறும் கேள்விக்குறி. அதற்கும் பதில் போகவில்லையென்றால், வேறொரு நகரத்தில் வங்கி மேலாளராக இருக்கும் பெரியத்தான், அதாவது அத்தானின் அண்ணன், கூப்பிடுவார். "என்னம்மா, அப்பாவுக்கு ஒண்ணும் இல்லையே?" என்பார். அந்தக் குரலில் அப்பாவைவிட வங்கி திறக்கும் நேரம்தான் அதிகமாக இருக்கும்.

ஊர் ஊராகச் சுற்றிவிட்டு, அடுத்து எங்கே என்று தெரியாமல் அக்கா வீட்டுக் கூடத்தில் பையைப் போட்ட மறுநாள், அந்தப் படம் எடுக்கப்படுவதை முதன்முதலாகப் பார்த்தேன். மாமா என்றால் அக்காவின் மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கவாதம் வந்து இடது பக்கம் முழுக்கப் போய்விட்டது. பேச்சும் போய், சில சொற்கள் மட்டும் அடியில் தங்கியிருந்தன. அவற்றில் அவர் அதிகம் பயன்படுத்தியது 'வேணாம்'. அதற்கு அடுத்தது 'இன்னொண்ணு'.

அக்கா அவரைத் துடைத்துச் சட்டை மாற்றினாள். நேற்றுப் போட்ட சட்டை இன்று கூடாது, குழுவில் கண்டுபிடித்துவிடுவார்கள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றுவது ஒரு மல்யுத்தம். அவருடைய வலது கையைத் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, அவர் முழங்காலுக்குத் தன் முழங்காலை முட்டுக் கொடுத்து, தூக்கி, ஒரே திருப்பில் உட்கார்த்தினாள். சட்டைக்கு உள்ளே, மார்புக்குக் குறுக்கே அகலமான துணிப்பட்டை ஒன்றைச் சுற்றி நாற்காலி முதுகோடு கட்டினாள். இடது தோளுக்குப் பின்னால் சுருட்டிய துண்டு. மூத்திரப் பை நாற்காலிக்குப் பின்னால். மடங்கிப்போன இடது கையின் மேல் விரித்த செய்தித்தாள். அப்புறம் நாற்காலியையே ஜன்னல் பக்கமாகக் கொஞ்சம் திருப்பினாள். வெளிச்சம் வலது கன்னத்தில் விழுந்தது. கோணிய வாய் நிழலுக்குள் போய்விட்டது.

"அசையாதீங்க மாமா. மூச்சை இழுத்துப் பிடிங்க... விடலாம்."

அது அவளுடைய பழைய வேலையின் பேச்சு. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டிருந்தவள். எந்த எலும்பு தெரிய வேண்டுமோ அதற்கு ஏற்ப ஆளைத் திருப்பி, சாய்த்து, தலையணை வைத்து நிறுத்தத் தெரிந்தவள். எது தெரியக் கூடாதோ அதற்கும் அதே வித்தைதான் என்று வீட்டுக்கு வந்தபின் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

போன் விடாமல் சொடுக்கியது. முப்பதோ நாற்பதோ இருக்கும்.

"இவர் என்ன கல்யாண மாப்பிள்ளையா, இத்தனை எடுக்கிற?"

"சும்மா இருடி. சிரிப்பு எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? வர்றப்ப பிடிக்கணும்."

நல்லதாக இரண்டு மூன்றைப் பொறுக்கி அவரிடம் நீட்டினாள். டிக்கெட் இல்லாதவனைப் பார்ப்பதுபோல் அவர் போனைப் பார்த்தார். "வேணாம்." அடுத்தது. "இன்னொண்ணு." மூன்றாவதற்குத் தலையை அசைத்தார். அது போனது. போன மாத்திரத்தில் சிவப்பு இதயங்கள் வந்து விழுந்தன. 'அப்பா ஜம்முனு இருக்கார்' என்று பெரியத்தானின் மனைவி, அக்காவின் ஓரகத்தி, எழுதியிருந்தாள்.

அக்கா பட்டையை அவிழ்த்தாள். அவர் மூட்டை சரிவதுபோல் இடது பக்கம் சரிந்தார். அவள் தோளால் தாங்கிக்கொண்டாள்.

இது தினமும் நடந்தது. வீடோ இரண்டே அறை, மூன்றாவது மாடி. அவர் அறையில் கண்ணாடி கிடையாது, ஜன்னலுக்கு வெளியே எதிர்க் கட்டடத்தின் குழாய்கள். எனக்கு ஒரு வாரத்திலேயே கால் குறுகுறுக்க ஆரம்பித்துவிட்டது. அக்கா கீழே இறங்குவதே மருந்துக் கடைக்கு மட்டும்தான். அதுவும் அத்தான் வீட்டில் இருந்தால்தான். அத்தான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். வந்தால் தூக்கம், எழுந்தால் வேலை.

"ஒரு லாரியையே அந்தரத்துல தூக்கி இந்தப் பக்கம் வைப்பார்," என்றாள் அக்கா. "அப்பாவைத் தூக்கி இந்தப் பக்கம் வைங்கன்னா இடுப்பு பிடிச்சுக்கும்."

முன்பு இப்படி இல்லை. முன்பு வீட்டில் ஒரு சின்ன கேமரா இருந்தது. சோப்பு டப்பா அளவில், வெள்ளி நிறத்தில். நாத்தனார் வாங்கிக் கொடுத்தது. பீரோவில் துணிகளுக்கு நடுவே உறைக்குள் கிடக்கும். மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு மாதத்துக்கு ஒருமுறை யாருக்காவது ஞாபகம் வந்தால் வெளியே வரும். சார்ஜ் இருந்தால் நாலு படம் எடுப்பார்கள். அத்தான் அதன் மெமரி கார்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய், தெருமுனை இன்டர்நெட் கடையில் மின்னஞ்சலில் ஏற்றி அனுப்பிவிட்டு வருவார். அதில் இருந்த திரை தீப்பெட்டி அளவு. அனுப்புமுன் யாரும் உற்றுப் பார்த்ததில்லை. எடுத்தது எடுத்தபடி போகும்.

அந்தப் படங்களை அக்கா எனக்குக் காட்டினாள். ஃப்ளாஷ் அடித்து மாமாவின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி இருந்தது. கண் இரண்டும் சிவப்பு. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு, ஓரத்தில் எச்சில் மின்னியது. நாற்காலிக் காலில் பை தொங்கியது. அக்கா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள்.

"இதைப் போயா அனுப்பினீங்க?"

"ஆமா. இதைப் பார்த்துதான் நாத்தனார் அழுதுகிட்டே விமானம் ஏறி வந்தா. ஒரு மாசம் இருந்து, அவளே ஊட்டிவிட்டா. இதைப் பார்த்துதான் பெரியத்தான் பகலுக்கு ஒரு ஆளை ஏற்பாடு பண்ணார். ஆறு மாசம் இங்க, ஆறு மாசம் எங்க வீட்லன்னு அவரே வாயால சொன்னார். நானும் வேலையை விடாம போய்க்கிட்டு இருந்தேன்."

திரும்பிப் போகும்போது நாத்தனார் தன்னுடைய போனைக் கொடுத்துவிட்டுப் போனாள். "இதுல படம் நல்லா விழும் அண்ணி. தினம் ஒண்ணு அனுப்புங்க. பக்கத்துலயே இருக்கிற மாதிரி இருக்கும்." சின்ன கேமரா மேசை இழுப்பறைக்குள் போனது. பேட்டரி உப்பிப்போய் ஒருநாள் குப்பைக்கும் போனது. அதைத் தேடியவர் யாரும் இல்லை.

போனில் எடுத்த முதல் படம் கண்ணாடி மாதிரி விழுந்தது. உதட்டோரத்தில் காய்ந்திருந்தது, தலையணையில் இருந்த கறை, எல்லாமே தெரிந்தன. உடனே வந்தது பதில். 'அண்ணி, தலையணை உறை மாத்தலையா?' பின்னாலேயே ஓரகத்தி: 'முடியலைன்னா சொல்லிடும்மா, நாங்க ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டோம்.'

தப்பாக நினைத்து முடித்தவர்கள்தான் அந்த வாக்கியத்தை எழுதுவார்கள். மறுநாள் அக்கா உறையை மாற்றிவிட்டு எடுத்தாள். அதற்கு மறுநாள் தலை சீவிவிட்டு எடுத்தாள். அப்புறம் நாற்காலியைத் திருப்பினாள். மாமாவும் ஒத்துழைத்தார், அவருக்கும் நல்லபடி தெரிய வேண்டும் என்று ஆசை. படம் தேறத் தேற வீட்டில் ஆள் குறைந்தது. 'அப்பாதான் நல்லா ஆயிட்டாரே' என்று பகல்நேர ஆளை நிறுத்தினார்கள். ஆறு மாதக் கணக்கை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் அக்கா வேலையை விட்டாள். நல்ல பெயர் எடுப்பது சுலபம், அதற்குள்ளிருந்து வெளியே வருவதுதான் கஷ்டம்.

நான் அங்கே இருந்தபோதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து அவளுடைய பழைய தலைமை டெக்னீஷியன் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அக்கா பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"புது ஸ்கேன் மெஷின் வருதும்மா. பழகின கை வேணும்னு கேட்டாங்க, உன் பேரைச் சொல்லிட்டேன். ஒண்ணாம் தேதி வந்து நிக்கணும். இல்லன்னா வேற ஆளைப் போட்டுருவாங்க, அதுக்கப்புறம் நான் ஓய்வு. என்னால ஒண்ணும் பண்ண முடியாது."

"வரேன் சார்," என்றாள் அக்கா. யோசிக்கவேயில்லை. சொல்லிவிட்டு, தேய்த்த பாத்திரத்தையே மறுபடி தேய்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை குழுவில் வீடியோ அழைப்பு. அத்தான் அக்காவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தார். அக்கா ஒப்பித்து வைத்திருந்ததைச் சொன்னாள். ஆறு மாதம் மட்டும், பேசினபடி, பெரியத்தான் வீட்டில்.

பெரியத்தான் நன்றாகச் சிரித்தார். "உன் கையிலதாம்மா அவர் தேறியிருக்கார். இந்த நேரத்துல இடம் மாத்துனா கெட்டுடாதா? நானே எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன், எங்க தம்பி பொண்டாட்டி மாதிரி வராதுன்னு."

"ஆமா அண்ணி," என்றாள் நாத்தனார். "பிறந்தநாள் படத்துல ஜன்னல்கிட்ட நின்னுகிட்டு இருந்தாரே! நான் ஆபீஸ்ல எல்லாருக்கும் காட்டினேன்."

அந்தப் படம் எடுத்த கதை எனக்குத் தெரியும். அவர் வலது கையால் கம்பியைப் பிடித்திருக்க, ஜன்னலுக்குக் கீழே அக்கா குந்தி உட்கார்ந்து அவர் முழங்கால் இரண்டையும் தோளால் முட்டுக் கொடுத்திருந்தாள். அத்தான் எதிரே நின்று இடுப்புக்கு மேலே எடுத்தார்.

"நிக்கிறார்னா, பகல்ல தனியா விட்டுட்டே நீ வேலைக்குப் போகலாமேம்மா," என்று ஓரகத்தி உள்ளே நுழைந்தாள். "சாப்பாட்டை எடுத்து வெச்சுட்டுப் போனா சாப்பிட்டுக்குவார்."

"அவரால நிக்க முடியாது பெரியக்கா. உட்காரவே முடியாது."

"அப்ப போட்டோ?"

ஒரு கணம் திரையில் மூன்று முகங்களும் அசையவில்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன். போகவில்லை.

"அது... பிடிச்சுக்கிட்டு எடுத்தது."

"அண்ணி, தன்னடக்கம் வேணாம்," என்றாள் நாத்தனார். "உங்களுக்கும் வீட்ல பிள்ளை குட்டின்னு இல்ல. அப்பா இருந்தா ஒரு பொழுதாவது போகும்."

அத்தானின் பொத்தான் கையோடு வந்துவிட்டது.

அழைப்பு முடிந்ததும் அத்தான் சொன்னார்: "அவங்க சொல்றதும்..."

"சட்டையைக் கழட்டிக் குடுங்க," என்றாள் அக்கா. "பொத்தான் தைக்கணும்."

அன்று மாலை அவளுடைய போன் இடமில்லை என்று சொன்னது. எதையாவது அழிக்கச் சொன்னது. "நீ பார்த்து அழிடி, எனக்கு வேலை கிடக்கு" என்று என்னிடம் கொடுத்தாள். திறந்து பார்த்தேன். அனுப்பாத படங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. ஒவ்வொரு நாளும் ஒன்று போக மீதி. வாய் தொங்குகிறது. கண் செருகுகிறது. முகவாயில் எச்சில். பட்டை அவிழ்ந்து சரிகிறார். சரியும் படங்களில் எல்லாம் கீழேயிருந்து ஒரு கை கலங்கலாக நீண்டு அவர் தோளைப் பிடிக்கிறது. ஒரு கையில் போனை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அவள் தாங்கியிருக்கிறாள்.

"அக்கா, இதை அனுப்பு."

"எதை?"

"இது எல்லாத்தையும். இப்பவே. அப்ப போட்டோன்னு கேட்டாங்கல்ல?"

அவள் ஈரக் கையோடு வந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் கண்ணில் ஆசை வந்ததை நான் பார்த்தேன். பிறகு போனைத் திருப்பிக் கட்டில்மேல் வைத்தாள்.

"அவரைக் கேக்காம முடியாது. ஆஸ்பத்திரியில ஒருத்தர் நெஞ்சுப் படத்தை இன்னொருத்தர்கிட்ட காட்ட மாட்டோம்."

"அவர் வேணாம்னுதான் சொல்லுவார். அவருக்கு வேற என்ன தெரியும்?"

"சொன்னா வேணாம்தான்."

மறுநாள் காலை, சட்டை மாற்றும் முன், அவள் கட்டிலோரம் உட்கார்ந்தாள். "மாமா, நான் வேலைக்குப் போகணும். அதுக்கு நீங்க பெரியத்தான் வீட்ல கொஞ்ச நாள் இருக்கணும். நீங்க எப்படி இருக்கீங்கன்னு அவங்களுக்குத் தெரியலை. நான்தான் அவங்களுக்குத் தெரியாதபடி பண்ணிட்டேன். இதைப் பாருங்க. அனுப்பவான்னு சொல்லுங்க."

இத்தனை நாளும் பொறுக்கியெடுத்த படங்களை மட்டும் பார்த்தவர். போனை வலது கையில் வாங்கிக்கொண்டார். கட்டைவிரலால் தானே தள்ளினார். முதல் படத்தில் முகத்தை நன்றாக உற்றுப் பார்த்தார், யாரோ தெரிந்தவரைப் போல. தள்ளினார். தள்ளினார். சரிகிற படம் ஒன்றில் விரல் நின்றது.

"கை," என்றார்.

"என் கைதான் மாமா. விழுந்துடப் போறீங்கன்னு."

இன்னும் தள்ளினார். "கை." அடுத்ததிலும் "கை."

அவர் போனை மார்பில் வைத்துக்கொண்டு எதிர்க் கட்டடத்துக் குழாய்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கண்ணிலிருந்து நீர் இறங்கி காதுக்குள் போனது. அக்கா துடைத்தாள். பத்து மணி ஆகி, கேள்விக்குறி வந்தது. அந்தச் சத்தம் அவர் மார்பிலேயே கேட்டது.

"அனுப்பு," என்றார்.

அக்கா எட்டு ஒன்பது படங்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பினாள். இதயம் எதுவும் வரவில்லை. நீல நிற டிக் மட்டும் வந்தது. பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எழுதினார்கள்.

'என்ன ஆச்சு???' 'ஒரே நாள்ல எப்படி இப்படி ஆனார்?' 'டாக்டரைக் கூப்பிட்டீங்களா?' ஓரகத்தி தனியாக எழுதினாள்: 'வேலைக்குப் போற நினைப்புல கவனிக்காம விட்டுட்டியாம்மா?' நாத்தனார் ஒரு படி மேலே போனாள்: 'உங்க தங்கச்சி வந்ததுல இருந்துதான் இப்படி. விருந்தாளியைக் கவனிப்பீங்களா, அப்பாவைக் கவனிப்பீங்களா?'

நல்ல படம் அனுப்பினால் ஆள் தேவையில்லை. கெட்ட படம் அனுப்பினால் அவள் மோசம். அக்கா போனைப் பார்த்துச் சொன்னாள்: "இருதலைக் கொள்ளி எறும்புன்னு படிச்சிருக்கேன். அந்த எறும்புகிட்ட யாரும் போட்டோ கேக்கலை."

பெரியத்தான் மறுநாளே வந்து இறங்கினார், முகம் வெளிறிப்போய். கையில் பழப்பை, தோளில் மடிக்கணினி. மாடிப்படியில் மூச்சு வாங்கியது. அக்கா கதவைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்றாள். மாமாவைக் காலையில் நாற்காலியில் உட்கார்த்தியிருந்தாள். பட்டை கட்டியிருந்தாள். ஆனால் திருப்பவில்லை, சீவவில்லை, செய்தித்தாளும் போடவில்லை.

"அப்பா!" என்று பெரியத்தான் உள்ளே ஓடினார். பக்கத்தில் குனிந்து, தோளோடு தோள் வைத்து, பழக்கதோஷத்தில் போனை நீட்டினார்.

மாமாவின் கண் போனைக் கண்டது. அவ்வளவுதான். தலை நிமிர்ந்தது. முகம் தானாக வலது பக்கம் திரும்பியது. வலது கை வந்து இடது கையை மூடிக்கொண்டது. மூச்சை இழுத்துப் பிடித்தார். சிரித்தார்.

அக்கா கதவோரமே நின்றுவிட்டாள். அவர் அனுப்பு என்று சொன்னது பொய்யில்லை. ஆனால் உடம்புக்கு அது தெரியவில்லை.

"நல்லாத்தானே இருக்கார்!" பெரியத்தானுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். என்னம்மா இது, இப்படியா பயமுறுத்துறது?" சொல்லிக்கொண்டே படத்தைக் குழுவுக்கு அனுப்பினார். "இது என்ன, பட்டை போட்டுக் கட்டி வெச்சிருக்கீங்க? கைதியா அவர்?" அவிழ்த்துவிட்டார்.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள்.

முதலில் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு "அப்பா... அப்பா, நேரா உட்காருங்க." பிறகு ஏதோ சுவரில் இடித்தது. "யாராவது வாங்களேன்! பிடிக்க முடியலை! தம்பி எங்க? அம்மா, கொஞ்சம் வாம்மா!"

நான் வாசல் பக்கம் நகர்ந்தேன். அக்கா விடவில்லை. அவள் விரல்கள் என் எலும்பில் பதிந்தன. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். உதடு அசைந்தது, ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே பை பிடுங்கிக்கொண்டு நீர் தரையில் கொட்டும் சத்தம் கேட்டது. பெரியத்தான் அழுதாரா திட்டினாரா என்று தெரியவில்லை. ரொம்ப நேரம் கழித்து, கட்டிலில் கனமாக ஏதோ விழும் சத்தம்.

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார். மார்பிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். வாசனை அடித்தது.

"தினமுமா?" என்றார்.

"தினமும் நாலு தடவை," என்றாள் அக்கா.

அவர் பால்கனிக்குப் போய் மனைவிக்குப் போன் செய்தார். கதவு சாத்தவில்லை, ஓரகத்தியின் குரல் எங்கள்வரை வந்தது. "என்னங்க விளையாடுறீங்களா? இப்பத்தானே போட்டோ பார்த்தேன், ராஜா மாதிரி உட்கார்ந்திருக்கார்!"

"படத்தைப் பார்த்துப் பேசாதேடி. என்னால தூக்கவே முடியலை."

"நீங்கதானே எடுத்தீங்க? உங்க தம்பி பொண்டாட்டி பக்கத்துல நின்னு சொல்லச் சொல்றாளா?"

அக்காவின் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்துப் பிடித்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள். வாயை முந்தானையால் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல், கண்ணில் நீர் முட்டும்வரை சிரித்தாள்.

பெரியத்தான் லீவு போட்டுவிட்டு அங்கேயே தங்கினார். அவருக்கு வேறு வழி இருக்கவில்லை, மனைவி ஒப்புக்கொள்ளாமல் அப்பாவைக் கூட்டிப் போக முடியாது. கண்ணால் பார்த்தபின் விட்டுப் போகவும் முடியவில்லை. இரண்டு அறையில் ஐந்து பேர். அவரும் அத்தானும் சேர்ந்து மாமாவைத் தூக்கப் பழகினார்கள். "கால் பக்கம் பிடிடா." "நீ முதல்ல தலையைப் பிடி." சின்ன வயதில் பீரோவை நகர்த்தியபோதும் இப்படித்தான் சண்டை போட்டிருப்பார்கள். கடைசியில் ஓரகத்தி இறங்கி வந்தாள். முதலில் மூன்று மாதம். அப்புறம் பார்க்கலாம்.

கார் ஒண்ணாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பு வந்தது. மகன்கள் இருவரும் மாமாவை நாற்காலியோடு தூக்க வந்தார்கள். நாற்காலி நகரவில்லை. அவர் வலது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார்.

"அப்பா, விடுங்க. கார் நிக்குது."

"வேணாம்."

"கொஞ்ச நாள்தான்பா. உங்க பேரன் இருக்கான் அங்க."

"வேணாம். வேணாம்."

அத்தான் கம்பியிலிருந்து கையை இழுத்துப் பார்த்தார். முடியவில்லை. உடம்பில் மிச்சமிருந்த பலம் எல்லாம் அந்த ஒரு கைக்கு வந்திருந்தது. இரண்டு மகன்களும் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள்.

இப்போது அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். சரி, இருக்கட்டும் என்று. எல்லோரும் மூச்சு விட்டிருப்பார்கள். அவளுக்கு எத்தனை நல்ல பெயர் கிடைத்திருக்கும்!

அவள் போய் அவருக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "மாமா," என்றாள். அவர் அவளைப் பார்க்கவில்லை. அவள் அவருடைய சுண்டு விரலை எடுத்தாள். பிறகு அடுத்த விரலை. எந்தக் கணுவை எப்படி அழுத்தினால் விரல் தானாக விரியும் என்று அவளுக்குத் தெரியும். வலிக்காமல், ஒவ்வொன்றாக எடுத்தாள். கடைசி விரல் வந்ததும் அந்தக் கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது. அதையும் எடுத்தாள்.

"தூக்குங்க," என்றாள்.

படியில் இறங்கும்போது அவர் சத்தம் போடவில்லை. அக்கா கீழே போகவில்லை. துணிப்பட்டையையும் சுருட்டிய துண்டையும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்து, "இதைக் காரில் வெச்சுட்டு வா. இடது தோளுக்குப் பின்னாலன்னு சொல்லு" என்றாள்.

ஒண்ணாம் தேதி அவள் ஆஸ்பத்திரிக்குப் போனாள். திரும்பி வந்து, புது மெஷின் ஒரு அறையையே அடைத்துக்கொண்டிருக்கிறது, அதன் கையேடு தலையணை மாதிரி இருக்கிறது, கூட வேலை செய்யும் பெண்கள் எல்லாம் தன்னை ஆன்ட்டி என்கிறார்கள் என்று மூச்சுவிடாமல் சொன்னாள். அந்த வாரம் முழுக்க அவள் பேசினாள். இத்தனை பேச்சை எங்கே வைத்திருந்தாள் என்று அத்தானே என்னைக் கேட்டார்.

குழுவில் படம் இப்போது ஓரகத்தி வீட்டிலிருந்து வந்தது. மாமா ஒரு சோபாவில், புதுச் சட்டையில், வலது பக்கம் திரும்பி, சிரித்துக்கொண்டு. நாத்தனார் இதயம் போட்டாள். மறுநாளும் வந்தது. வேறு சட்டை, அதே சிரிப்பு.

அக்கா டீ ஆறிப்போக அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். சோபா நுனியை, சட்டைக் காலரை, கழுத்தை, மடியில் இருந்த போர்வையை. போர்வைக்கு அடியில் என்ன என்று எந்தப் பெரிதாக்கலிலும் தெரியவில்லை. முதுகில் புண் வந்திருக்கிறதா? பட்டையை இறுக்கிக் கட்டுகிறார்களா? சிரிப்பு வந்தபோது பிடித்ததா, வரும்வரை உட்கார்த்திப் பிடித்ததா? எப்படி எடுப்பது என்று அவளுக்கு எல்லாம் தெரியும். அதனாலேயே எதையும் நம்ப முடியவில்லை.

வேலைக்குக் கிளம்பும் நேரம். செருப்பைப் போட்டுக்கொண்டு, வாசலில் நின்றபடியே ஓரகத்திக்குப் போன் செய்தாள்.

"பெரியக்கா, மாமா படம் பார்த்தேன். நல்லா இருக்கு. ஒண்ணே ஒண்ணு... இடது பக்கத்துல இருந்து ஒரு படம் எடுத்து அனுப்புறீங்களா? முதுகையும் கொஞ்சம்..."



"ஏம்மா?" என்றாள் ஓரகத்தி. நடந்துகொண்டே பேசுகிறவள் மாதிரி மூச்சு வாங்கியது. "நாங்க சரியாப் பார்த்துக்கலைன்னு நினைக்கிறியா?"

"அய்யோ, இல்ல பெரியக்கா. நல்லாப் பார்த்துக்கிறீங்கன்னு படத்துலயே தெரியுதே."

போனை வைத்தாள். படியில் இரண்டு படி இறங்கி நின்றாள். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்க்காமல் கேட்டாள்.

"அங்க போயிட்டு வர பஸ்ஸு எத்தனை மணிக்கெல்லாம் இருக்குன்னு பார்த்து வைக்கிறியா? வாராவாரம் ஒரு நாள் எனக்கு லீவு."